காரைக்குடியில் குரல் வால்வுக்கான காற்றழுத்தச் சோதனை: ஒரு மதிப்புரை

குரல்வளை அகற்றப்பட்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தப்பட்ட சிறு சிலிக்கோன் வால்வின் துணையால் பேசிவரும் என்னைப் போன்றவர்களுக்காக, காரைக்குடியில் உள்ள ஒரு தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவமனை சனிக்கிழமைதோறும் நடத்தும் காற்றழுத்தச் சோதனையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குரல் கம்மிவிட்டது, நான்கு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு முட்டுகிறது என்ற நிலைக்கு வந்தவர்கள், புதிய வால்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. ஆனால் அங்கே எழுதித் தரும் சீட்டை அப்படியே கொண்டுபோய் அடுத்த மருத்துவரிடம் நீட்டிவிடக் கூடாது. குறைகளையும் சேர்த்தே எழுதுவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; இந்த வட்டாரத்தில் வால்வு வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தாம், கேட்டால் வழி சொல்லுவார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவைப்படுகிறது. குரல்வளையை முழுவதும் எடுத்த பிறகு மூச்சுக்குழாயின் மேல்முனையைக் கழுத்தின் முன்புறத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மூச்சு மூக்கு வழியாகப் போய்வருவதில்லை. கழுத்துத் துளைதான் மூக்கு. பேச நினைக்கும்போது அந்தத் துளையை விரலால் அடைத்தால், நுரையீரலிலிருந்து வரும் காற்று வேறு வழியின்றி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு உணவுக்குழாய்க்குள் புகுந்து, தொண்டையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் உள்ள தசையை அதிரச் செய்கிறது. எங்கள் குரல் அந்த அதிர்வுதான். வால்வே பேசுகிறது என்று உறவினர்கள் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வால்வு ஒருவழிக் கதவு மட்டுமே, உண்பதும் குடிப்பதும் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடாமல் காப்பது அதன் மற்றொரு வேலை. அமெரிக்காவில் மார்க் சிங்கரும் எரிக் பிளாமும் 1980இல் இந்த முறையை வெளியிட்டார்கள். 1990இல் நெதர்லாந்திலிருந்து புரோவாக்ஸ் என்ற வால்வு வந்தது. வடிவங்கள் பல மாறினாலும் காற்று போகும் பாதை அன்றிலிருந்து இன்றுவரை அதேதான்.

இனி அழுத்தத்துக்கு வருவோம். இயற்கையான குரல்வளையோடு சாதாரணமாகப் பேசுபவருக்குக் குரல்நாண்களுக்குக் கீழே 5 முதல் 10 செ.மீ. நீர் அளவு அழுத்தம் (அத்தனை செ.மீ. உயர நீரைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம்) இருந்தாலே போதும். வால்வு வழியாகப் பேசுபவருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். 20இல் தொடங்கி 60ஐத் தாண்டிப் போவதும் உண்டு. காற்று இரண்டு தடைகளைக் கடந்தாக வேண்டியிருப்பதுதான் காரணம்: முதல் தடை வால்வு, இரண்டாவது தடை தொண்டைத் தசை. கழுத்துத் துளையில் அளக்கும்போது கிடைக்கும் எண் இந்த இரண்டின் கூட்டுத்தொகையே ஆகும். கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துக் கோளாறு வால்விலா தொண்டையிலா என்று சொல்ல யாராலும் முடியாது. எனக்குத் தெரிந்த பல இடங்களில், குரல் கம்மினால் உடனே வால்வை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். வெளிநாட்டு வால்வு ஒவ்வொன்றும் பல ஆயிரம் ரூபாய். காரைக்குடியில் நடக்கும் சோதனையின் மதிப்பு, இந்த இரண்டு தடைகளையும் பிரித்துக் காட்ட முயல்வதில் இருக்கிறது.

இயற்கைக் குரல்வளை உள்ளவர்களிடம் இந்த அழுத்தத்தை நேராக அளக்க வேண்டுமானால் கழுத்தில் ஊசி இறக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கத்தான், ‘ப’ என்ற எழுத்துக்கு உதடுகள் மூடியிருக்கும் கணத்தில் வாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து, தொண்டைக்குக் கீழே இருப்பதைக் கணிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எங்களுக்கோ கழுத்திலேயே வாசல் திறந்திருக்கிறது. குழாயை அங்கேயே மாட்டிவிடலாம். அறுவை சிகிச்சை கொடுத்த வசதி என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சோதனை அறை மாடியில் இருக்கிறது. மூச்சு வாங்குகிறவர்களை மாடி ஏறச் சொல்வது நியாயமில்லை என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். சுவரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரப் பலகை ஒன்றும், அதன் மேல் ‘யு’ வடிவில் வளைத்துப் பொருத்திய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயும், குழாயின் இரண்டு கைகளுக்கும் நடுவே சென்டிமீட்டர் அளவுகோலும் இருக்கின்றன. குழாயில் நீல மை கலந்த நீர். மேசை மேல் உள்ளங்கையில் அடங்கும் டிஜிட்டல் மானோமீட்டர் ஒன்று. மூக்கு வழியாக இறக்கும் மெல்லிய குழாயும் அதோடு இணைந்த அழுத்தமானியும் தனிப் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நூற்பாலையில் பல வருடம் அழுத்தமானிகளைப் பராமரித்தவன் என்ற முறையில், எனக்கு இவற்றில் அதிக நம்பிக்கை தந்தது அந்த நீர்க்குழாய்தான். அதற்கு பேட்டரி வேண்டாம், தரப்படுத்தல் வேண்டாம். நீரின் எடை எங்கும் ஒன்றுதான்.

பேச்சுப் பயிற்சியாளர் மதுரையிலிருந்து வருகிற இளம் பெண். பொறுமைசாலி. கழுத்துத் துளையைச் சுற்றிப் பசைத் தகடு ஒன்றை ஒட்டி, அதன் மேல் பக்கவாட்டில் சிறு முனை உள்ள மூடியைப் பொருத்துகிறார். அந்த முனையிலிருந்து ரப்பர் குழாய் நீர்க்குழாயின் ஒரு கைக்குப் போகிறது. மூடியின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பேசினால், மூச்சுக்குழாயில் ஏறும் அழுத்தம் அப்படியே நீரைத் தள்ளுகிறது. தகடு சரியாக ஒட்டவில்லையென்றால் காற்று கசிந்து எண் குறைவாக வரும் என்பதால், வியர்வையைத் துடைத்து, தோல் காயும்வரை காத்திருந்து, அதன் பிறகே ஒட்டுகிறார். சித்திரை மாதத்துக் காரைக்குடியில் இதற்கே கணிசமான நேரம் பிடிக்கிறது. பிறகு ‘ஆ’ என்று சீராக இழுக்கச் சொல்கிறார். அடுத்து ஒன்று முதல் பத்துவரை எண்ணச் சொல்கிறார். கடைசியில் உரக்கக் கூப்பிடச் சொல்கிறார். சீராக இழுக்கும் ‘ஆ’தான் முக்கியம், ஏனென்றால் நீருக்குக் கனம் உண்டு, வார்த்தைக்கு வார்த்தை ஏறி இறங்கும் அழுத்தத்தின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காமல் ஊசலாடும்.

இந்த இடத்தில்தான் முதல் கோளாறு நடந்தது. உதவியாளராக இருந்த தம்பி, நீர் ஏறிய கையை மட்டும் பார்த்து, நடுக்கோட்டிலிருந்து 23 என்று எழுதிக்கொண்டார். ‘யு’ குழாயில் ஒரு கையில் நீர் 23 செ.மீ. ஏறினால் மறுகையில் 23 செ.மீ. இறங்கியிருக்கும், அழுத்தம் என்பது இரண்டு மட்டங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அதாவது 46. நான் விரலை எடுத்துவிட்டுச் சைகையால் மறுகையைக் காட்டியதும், பயிற்சியாளர் புரிந்துகொண்டு, “ஐயா சொல்றது சரி தம்பி, ரெண்டு பக்கமும் பார்த்துக் கழிக்கணும்” என்று திருத்தினார். திருத்தியது பாராட்டுக்குரியது. ஆனால் கருவிகளோடு பழக்கமில்லாத ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால், 23 என்ற எண்ணோடு, ‘அழுத்தம் குறைவாகத்தான் இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற ஆறுதலோடு வீடு திரும்பியிருப்பார். அங்கே போகிறவர்கள், எழுதும்போது எந்தக் கையைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

டிஜிட்டல் கருவியில் இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை இருக்கிறது. உச்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தானை அழுத்தி, அதில் நிற்கும் எண்ணைச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். வாய் திறக்கும் முதல் கணத்தில் மூடிய வால்வையும் இறுகிய தசையையும் திறப்பதற்கு ஓர் உந்துதல் தேவைப்படுகிறது. அந்தக் கணத்தில் அழுத்தம் சட்டென்று எகிறிப் பிறகு தணிகிறது. பிடித்து வைக்கப்படும் எண் அந்த எகிறலைத்தான் காட்டும், பேசும்போது நிலைத்து நிற்கும் அழுத்தத்தைக் காட்டாது. எனக்கு நீர்க்குழாயில் 46ஆக நின்றபோது, டிஜிட்டல் 58 என்றது. இரண்டும் பொய்யில்லை, வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். எந்த எண் எதற்கானது என்று சீட்டில் ஒரு வரி எழுதினால் போதும், எழுதுவதில்லை.

மூடியோடு அளந்த பிறகு, வழக்கமாக நான் செய்வதுபோலத் துளையிலேயே விரலை வைத்துப் பேசிக் காட்டச் சொன்னதும் பயனுள்ள பகுதி. பலர் காற்று கசியுமோ என்ற அச்சத்தில் விரலை உள்ளே திணித்துவிடுகிறார்கள். அப்போது விரல்நுனி வால்வின் வாயையே மறைத்துவிடும், அழுத்தம் ஏறும், குரல் நெரியும். “அழுத்தாதீங்க ஐயா, மூடினாப் போதும்” என்று பயிற்சியாளர் எனக்கு அடுத்து வந்தவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் குரல் அங்கே உட்கார்ந்திருந்தபோதே தெளிந்தது. வால்வும் மாற்றவில்லை, மருந்தும் எழுதவில்லை.

மூக்கு வழியான சோதனை கொஞ்சம் கஷ்டமானது. மெல்லிய குழாயை 25 செ.மீ. குறிவரை மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி, அதன் வழியே காற்றைச் செலுத்திப் பேசச் சொல்கிறார்கள். கண்ணில் நீர் வரும், குமட்டும், அவ்வளவுதான். இதில் காற்று வால்வைத் தொடுவதே இல்லை என்பதால், கிடைக்கும் எண் தொண்டைத் தசையின் தடையை மட்டும் சொல்கிறது. 1987இல் லூயினும் அவருடன் இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு, இந்த அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருப்பவர்கள் சரளமாகப் பேசுவதையும், அதைத் தாண்டியவர்கள் திணறுவதையும் காட்டியது. இன்றும் பயிற்சியாளர்கள் கையில் வைத்திருக்கும் கோடு அதுதான். எனக்கு வந்தது 14.

சீட்டில் “46 / 14” என்று எழுதித் தந்தார்கள். இதுதான் நான் தொடக்கத்தில் எச்சரித்த சீட்டு. 46 என்பது செ.மீ. நீர், 14 என்பது மி.மீ. பாதரசம். அலகு எதுவும் எழுதப்படவில்லை. பார்த்தவுடன் கழித்தால் 32 வால்வுக்கு என்று தோன்றும். 1 மி.மீ. பாதரசம் 1.36 செ.மீ. நீருக்குச் சமம் என்பதால், 14 என்பது நீரில் 19. வால்வு எடுத்துக்கொள்வது 27. இதே குழப்பத்தில் 20 என்ற கோட்டையும் நீர் அளவாக எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம், ஏனென்றால் நீரில் அது 27. நல்ல தொண்டை உள்ளவரையும் தசை இறுகியவர் என்று முத்திரை குத்திவிடும். இரண்டு சோதனைகளிலும் காற்று ஒரே வேகத்தில் பாய்ந்திருக்காது என்பதால் இந்தக் கழித்தல் துல்லியமான கணக்கு இல்லை, கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. அந்த அளவில் அது தெளிவாகவே காட்டியது: என் தொண்டை நன்றாக இருக்கிறது, வால்வுதான் காற்றைத் தின்கிறது.

மருத்துவர் அதை உறுதிப்படுத்திக்கொண்ட விதமும் எனக்குப் பிடித்திருந்தது. வால்வைக் கழற்றிவிட்டு, திறந்த துளை வழியாகவே ‘ஆ’ சொல்லச் சொன்னார். குரல் தடையில்லாமல் வந்தது. வால்வு இல்லாதபோதும் குரல் திணறினால் குறை தொண்டையில். வால்வு இல்லாதபோது இலகுவானால் குறை வால்வில். (எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்து இருப்பதால் இதை மருத்துவர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும், வீட்டில் யாரும் முயல வேண்டாம்.) கழற்றிய வால்வின் உணவுக்குழாய்ப் பக்கத்து மடலில் வெளிர்மஞ்சளாகப் பூஞ்சை படிந்து, மடல் விளிம்பு சுருண்டு விறைத்திருந்தது. அது 16 பிரெஞ்ச் அளவு, அதாவது 5.3 மி.மீ. விட்டம். அதற்குப் பதிலாக 20 பிரெஞ்ச், ஏறத்தாழ 6.7 மி.மீ. வால்வைப் பொருத்தினார். அதே பலகையில் அளந்தபோது ‘ஆ’ 30இல் நின்றது. உரக்கக் கூப்பிட முன்பு 68 தேவைப்பட்டது. இப்போது 50க்குள் முடிகிறது. எங்கள் ஊர் வீடுகளில் வளவிலிருந்து (உள்முற்றப் பகுதியிலிருந்து) முகப்பில் இருப்பவரைக் கூப்பிட வேண்டிய தேவை நாள் முழுவதும் உண்டு. உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் தரையும் குரலைச் சிதறடித்துவிடும் இடம் அது. அந்தப் பதினெட்டுப் புள்ளிகள் என்னவென்று அங்கே தெரிகிறது. எல்லோருக்கும் பெரிய விட்டம் பொருந்தும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. துளையைப் பெரிதாக்கினால் வால்வைச் சுற்றிக் கசியும் அபாயமும் இருக்கிறது, கதிர்வீச்சு வாங்கிய திசுவில் அது கூடுதல்.

தேவகோட்டையில் இருக்கும் நண்பர் ஒருவரின் நிலை இதற்கு நேர்மாறு. வேறொரு ஊரில், வேறொரு இடத்தில், குரல் நெரிகிறது என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவருக்கு வால்வை மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே நெரிசல். காரைக்குடிக்கு வந்து மூக்கு வழியாக அளந்தபோது 38 மி.மீ. பாதரசம். வால்வு எதைப் போட்டாலும் தொண்டைத் தசை வழிவிடாது என்பது அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. இப்படித் தசை இறுகுபவர்களுக்குப் போட்டுலினம் ஊசி போட்டுத் தளர்த்தலாம், தேவைப்பட்டால் தசையை வெட்டித் தளர்த்தும் அறுவையும் உண்டு. அவருக்கு மதுரையில் ஊசி போட்டார்கள்; இப்போது தொலைபேசியில் அவர் “என்னண்ணே, சாப்பிட்டாச்சா?” என்று கேட்பது எனக்குப் புரிகிறது. முன்பு அவருடைய மகன்தான் எடுத்துச் சொல்வார்.

பெங்களூருவில் புற்றுநோய் மருத்துவர் விஷால் ராவ் குழுவினர் 50 ரூபாய் அளவில் கிடைக்கும்படி ‘ஓம்’ என்ற வால்வை உருவாக்கியிருப்பதைச் சிலர் சொல்லி, அப்படியிருக்க அளவெடுக்க ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வால்வு மலிவாவது மிக நல்ல செய்தி. ஆனால் தேவகோட்டை நண்பருக்கு இலவசமாகவே வால்வு கிடைத்திருந்தாலும் குரல் வந்திருக்காது.

இனிக் குறைகள். பெரிய குறை: முன்பதிவுக்குத் தொலைபேசியில் பேச வேண்டும். குரல் போய்விட்டது என்று வருபவர்களிடம் குரலில் முன்பதிவு கேட்கிறார்கள். வாட்ஸப்பில் செய்தி அனுப்பினால் பார்ப்பதில்லை. வீட்டில் ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும். அடுத்தது, அளக்கும்போது குரலின் உரப்பைக் குறித்துக்கொள்வதில்லை. மெதுவாகச் சொன்ன ‘ஆ’வுக்கும் உரக்கச் சொன்ன ‘ஆ’வுக்கும் அழுத்தம் வேறுபடும் என்பதால், இந்த முறை 46, அடுத்த முறை 40 என்று வந்தால், வால்வு தேறியதா, அன்று நான் மெதுவாகப் பேசினேனா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒலியளவு காட்டும் செயலி இப்போது எல்லாக் கைபேசியிலும் கிடைக்கிறது. வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்தாலே போதும். மூன்றாவது, ரப்பர் குழாய்க்கும் மூடிக்கும் நடுவே ஒவ்வொருவருக்கும் புது வடிகட்டி போட வேண்டும். நான் போனபோது கேட்டபிறகுதான் மாற்றினார்கள். எங்கள் மூச்சுக்குழாய்க்கு மூக்கின் காவல் கிடையாது. சளியோடு இருமினால் குழாய்வரை தெறிக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இணையத்தில் கிடைக்கும் டிஜிட்டல் மானோமீட்டரை வாங்கி வீட்டிலேயே அளக்கலாமா என்று கேட்கிறார்கள். குழாய்களைப் பொருத்தத் தெரிந்தவருக்கு அது முடியாத காரியமில்லை. ஆனால் வீட்டில் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டும்தான், தொண்டையைத் தனியே அளக்க வழியில்லை. மாதா மாதம் ஒரே மாதிரி அளந்து குறித்துவைத்து, எண் ஏறத் தொடங்கும்போது மருத்துவரிடம் போவதற்கு வேண்டுமானால் உதவும். இரத்த அழுத்தம் பார்க்கும் டயல் கருவியைத் திருப்பிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 300 மி.மீ. வரை போகும் அந்த டயலில் எங்களுக்கு வேண்டிய பகுதி முழுவதும் அடிமட்டத்தில் சில கோடுகளுக்குள் முடிந்துவிடும்.

குடிக்கும் தண்ணீரோ காப்பியோ வால்வு வழியே கசிந்து இருமல் வருகிறது என்றால் அதற்கு இந்தச் சோதனை தேவையில்லை. நேரே வால்வு மாற்றத்துக்குப் போகலாம். குரல் கனத்துப் போனவர்கள், பேசினால் களைப்பவர்கள், விரல் இல்லாமல் பேசும் வால்வுக்கு (கழுத்துத் துளையின் மேல் தகட்டோடு ஒட்டி, விரலுக்குப் பதிலாகத் தானே மூடிக்கொள்ளும் வெளி வால்வு) மாற நினைப்பவர்கள் ஆகியோருக்குத்தான் இது பயன்படும். கடைசியாகச் சொன்னவர்களுக்கு மிகவும் அவசியம், ஏனென்றால் அழுத்தம் அதிகமாக இருந்தால் கழுத்தில் ஒட்டிய தகடு பேசப் பேசக் கழன்றுவிடும்.

கழுத்துத் துளைச் சோதனைக்கு 800 ரூபாய், மூக்கு வழிச் சோதனையும் சேர்த்தால் 1,500 ரூபாய் வாங்குகிறார்கள். வால்வின் விலையோடு ஒப்பிட்டால் இது அதிகமில்லை. காலை 10 மணிக்குச் சொன்னால் பதினொன்றரைக்குக் கூப்பிடுகிறார்கள். மூக்கு வழிச் சோதனை இருப்பதால் சாப்பிட்டவுடன் போக வேண்டாம். உங்கள் வால்வின் அளவும் மாற்றிய தேதியும் எழுதிய அட்டையைக் கொண்டுபோங்கள், சீட்டு கைக்கு வந்ததும் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதச் சொல்லி வாங்குங்கள். பசைத் தகட்டை நீங்களே எடுத்துப் போனால் அதற்குத் தனியாகக் கேட்கும் 150 ரூபாய் மிச்சம்.